தொழில்நுட்ப உதவி கடல் கடந்து போனால் யாருக்கு மிச்சம்?

உங்கள் கேள்வி இது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தங்கையின் மடிக்கணினி பழுதாகிவிட்டது. உதவி எண்ணை அழைத்தால் மணிலாவிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ யாரோ எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பழுது மட்டும் அப்படியே இருக்கிறது. உதவிப் பிரிவை வெளிநாட்டுக்கு அனுப்புவதால் நிறுவனங்களுக்கு உண்மையிலேயே பணம் மிச்சமாகிறதா, தரம் இப்படிக் குறைவது தவிர்க்க முடியாததா, அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேலை தெரியாததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் தொழிலில் முதலில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இரவு ஷிப்ட் பார்த்தவன். பிறகு, எந்த வேலையை எந்த ஊருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்ற ஒப்பந்தங்களைப் படிக்கும் இடத்துக்கு நகர்ந்தவன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஓர் அழைப்புக்கு ஆகும் செலவு நிச்சயமாகக் குறைகிறது. ஒரு பழுதைத் தீர்த்து முடிக்க ஆகும் செலவு குறைகிறதா என்பதைப் பெரும்பாலான நிறுவனங்கள் கணக்குப் பார்ப்பதே இல்லை. தரம் கெடுவதற்குத் தூரமோ உச்சரிப்போ முதல் காரணம் கிடையாது. உதவியை நிமிடக் கணக்கில் விலை பேசி வாங்குவதே காரணம்.

இந்த வேலை அமெரிக்காவிலிருந்து நேராகப் பெங்களூருக்கு வந்து இறங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். நடுவில் பல ஊர்கள் உண்டு. 1967இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்களை அறிமுகப்படுத்தியது. 1973இல் ராக்வெல் நிறுவனம் கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்காக, வருகிற அழைப்புகளைக் காலியாக இருக்கும் ஊழியருக்குத் தானாகவே பிரித்துக் கொடுக்கும் இயந்திரத்தைச் செய்து தந்தது. இந்த இரண்டும் வந்த பிறகு, தொலைபேசியை எடுப்பவர் தலைமையகத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டிய தேவை போய்விட்டது. வேலை முதலில் உள்நாட்டிலேயே மலிவான ஊர்களைத் தேடியது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரம் அப்படித்தான் கால் சென்டர் நகரமானது. அமெரிக்க விமானப்படையின் அணுஆயுதப் பிரிவுத் தலைமையகம் அதற்குப் பக்கத்தில் இருந்ததால் தொலைபேசி வசதி பலமாக இருந்தது. கூலியும் குறைவு, பேச்சிலும் பிராந்தியச் சாயல் அதிகமில்லை. 1990களில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் அப்போதைய முதல்வர் ஃபிராங்க் மெக்கென்னா கால் சென்டர்களை வருந்தி வருந்தி அழைத்தார். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கான கணினி உதவியை டெல், கேட்வே போன்ற நிறுவனங்கள் அயர்லாந்திலிருந்து கொடுத்தன. ஒவ்வொரு இடமாற்றத்தின்போதும் பழைய ஊர்க்காரர்கள் இன்று உங்கள் தங்கை சொல்வதையேதான் சொன்னார்கள்.

இந்தியாவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1996இல் மும்பையில் ஒரு பின்னணிப் பணிப் பிரிவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் குர்கானில் தொடங்கியது. பின்னாளில் ஜென்பேக்ட் என்று பெயர் மாறியது அதுதான். 2000இல் ராமன் ராய் என்பவர் ஸ்பெக்ட்ராமைண்ட் என்ற கால் சென்டர் நிறுவனத்தைத் தொடங்கினார், இரண்டே ஆண்டுகளில் விப்ரோ அதை வாங்கிக்கொண்டது. ஆனால் கூலி குறைவு என்பதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. கூலி அதற்கு முன்னும் குறைவாகத்தான் இருந்தது. தொலைபேசி இணைப்பு மலிவானதுதான் கதவைத் திறந்துவிட்டது. 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகம் முடிந்தது. அதே ஆண்டு பாரதி, சிங்டெல் ஆகிய தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கடலடிக் கேபிளை இயக்கத் தொடங்கின. இணைய நிறுவனங்கள் திடீரெனப் பெருகிய டாட்காம் காலத்தில் கண்மண் தெரியாமல் கேபிள் போட்டுவிட்டு உலகமெங்கும் நிறுவனங்கள் திவாலாகிக்கொண்டிருந்த நேரம் அது. கடலுக்கடியில் கிடந்த கொள்ளளவு அடிமாட்டு விலைக்கு வந்தது. அம்பத்தூரிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ உட்கார்ந்து அரிசோனாவில் இருப்பவரின் பிரிண்டரைச் சரிசெய்வது அதன் பிறகுதான் கட்டுப்படியாயிற்று.

இனி கணக்குக்கு வருகிறேன். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. நூறு பேருக்கு நூறு பழுதுகள் என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு மையத்தில் ஓர் அழைப்புக்கு 12 டாலர் ஆகிறது. சிலர் இரண்டாம் முறையும் அழைப்பார்கள் என்பதால் மொத்தம் 130 அழைப்புகள். செலவு 1,560 டாலர். வெளிநாட்டு மையம் ஓர் அழைப்பை 5 டாலருக்கு எடுக்கிறது. அதே 130 அழைப்புகளுக்கு 650 டாலர்தான். 910 டாலர் மிச்சம் என்று காட்டும் இந்த அட்டவணையைத்தான் இயக்குநர் குழுக் கூட்டத்தில் திரையில் போடுவார்கள். அதோடு கூட்டம் முடிந்துவிடும்.

வேலை மாறிய பிறகு என்ன ஆகிறது? முதல் அழைப்பிலேயே பழுது தீர்வது குறைகிறது. 130 என்பது 220 ஆகிறது. செலவு 1,100 டாலர். அழைப்பை எப்படியாவது முடித்தாக வேண்டும் என்பதற்காக, மதர்போர்டு மாற்றலாம், டெக்னீஷியனை அனுப்பலாம் என்று கூடுதலாக 15 இடங்களில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு 60 டாலர் என்றால் 900 டாலர். மொத்தம் 2,000 டாலர். உள்நாட்டில் ஆனதைவிட அதிகம். இது ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்றால், அழைப்புச் செலவு ஒரு துணைத் தலைவரின் பட்ஜெட்டில் இருக்கிறது, பாகங்களின் செலவு உத்தரவாதப் பிரிவின் பட்ஜெட்டில் இருக்கிறது, வெறுத்துப்போய் அடுத்த முறை வேறு பிராண்டை வாங்கிய வாடிக்கையாளர் யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை. முதல் துணைத் தலைவருக்கு அந்த ஆண்டு போனஸ் கிடைத்துவிடுகிறது.

இதே கணக்கை இன்னொரு விதமாகவும் போடலாம். அதே வெளிநாட்டு ஊழியருக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி, ஓர் அழைப்புக்கு ஏறக்குறைய இரட்டிப்பு நேரம், பழுதை நிஜமாகவே தீர்க்கும் அதிகாரம் எல்லாம் கொடுத்து, ஓர் அழைப்புக்கு 9 டாலர் ஆகிறது என்று கொள்ளுங்கள். அழைப்புகள் 130க்குத் திரும்பிவிட்டால் 1,170 டாலர். 390 டாலர் மிச்சமாகிறது, வாடிக்கையாளரும் திட்டுவதில்லை. அதாவது, வேலை வெளிநாட்டுக்குப் போனபடியே மிச்சமும் ஆகலாம், தரமும் இருக்கலாம். 910ஐக் காட்டியவரை விட்டுவிட்டு 390ஐக் காட்டுபவருக்கு யார் பதவி உயர்வு தருவார்கள் என்பதுதான் சிக்கல்.

அந்த 5 டாலர் அழைப்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

எங்கள் கால் சென்டரில் எல்லாரும் மூச்சுக்கு முந்நூறு தடவை உச்சரித்த எழுத்துகள் ஏ.எச்.டி. ஓர் அழைப்பை எடுத்து, பேசி, குறிப்பு எழுதி முடிக்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்பதன் சுருக்கம். ஒப்பந்தத்தில் ஒரு இலக்கு எழுதியிருக்கும். அதைத் தாண்டினால் கால் சென்டர் நிறுவனத்துக்கு அபராதம், டீம் லீடருக்குத் திட்டு, ஊழியரின் ஊக்கத்தொகையில் வெட்டு. திரையின் ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், இலக்கு நெருங்கினால் நிறம் மாறும். இந்த நிலையில், இடைவிட்டு இடைவிட்டு வருகிற ஒரு பழுதை, சூடானால் மட்டும் அணைந்துபோகிற கணினி போன்ற ஒன்றை, எந்த ஊழியர் பொறுமையாகத் துருவிப் பார்ப்பார்? பார்க்கத் தெரிந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்த பையன்கள், வீட்டில் கணினியைப் பிரித்து மேய்ந்தவர்கள். அவர்களுக்குத்தான் மாதக் கடைசியில் மதிப்பெண் குறைவாக வரும். "விண்டோஸை மீண்டும் நிறுவுங்கள், முடிந்ததும் தேவைப்பட்டால் மறுபடி அழையுங்கள்" என்று சொல்லி ஆறாவது நிமிடத்தில் வைத்துவிடுபவருக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழ் கிடைக்கும். மறுபடி வருகிற அழைப்பு இன்னொருவரின் வரிசையில்தானே விழப்போகிறது! அவருக்கும் அது ஒரு புது அழைப்பு. கால் சென்டர் நிறுவனத்துக்கும் அது ஒரு புது அழைப்பு, கட்டணம் கேட்டு அனுப்பக்கூடியது. பழுது தீராமல் இருந்தால் உதவியை விற்கும் கால் சென்டருக்கு வருமானம் என்ற ஏற்பாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டது அதை வாங்கிய கணினி நிறுவனம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்கிரிப்ட், அதாவது ஊழியர் வரிசை மாறாமல் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல், அதைப் பற்றியும் பலருக்குக் கோபம் உண்டு. "பிளக் செருகியிருக்கிறதா" என்று கேட்பதில் தவறில்லை. செருகாமல் அழைப்பவர்கள் எண்ணிக்கை உங்களை ஆச்சரியப்படுத்தும். ஆனால் நெட்வொர்க் பொறியாளராக வேலை செய்கிற ஒருவர் தன் சோதனைகளையெல்லாம் முடித்துவிட்டு அழைத்தாலும் அதே பதினைந்து படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும். படியைத் தாண்டினால், அழைப்பைப் பிறகு கேட்டு மதிப்பெண் போடும் தரக்கண்காணிப்பாளர் ஊழியரைத் தேர்வில் தோற்றவராக்கிவிடுவார். தாண்டும் அறிவு ஊழியருக்கு இருக்கிறது, அனுமதி இல்லை. சமையலறைக்குள் காலெடுத்து வைக்க முடியாத சர்வரிடம் சாம்பாரில் உப்பில்லை என்று நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர் இன்னொரு கரண்டி அதே சாம்பாரைத்தான் ஊற்றுவார்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. உதவிப் பிரிவு, பொருளை வடிவமைத்தவர்கள் இருக்கும் கட்டடத்தில் இருந்த காலத்தில், ஒரே பழுதுக்கு ஒரே வாரத்தில் முப்பது அழைப்பு வந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் செய்தி வடிவமைப்பாளர் காதுக்குப் போய்விடும். வெளியாளுக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு அந்தச் செய்தி போக வழியில்லை. அழைப்பின் காரணத்தைப் பதிய ஊழியருக்குத் திரையில் ஒரு தேர்வுப் பட்டியல் கொடுத்திருப்பார்கள். பொருந்துகிற காரணம் அதில் இல்லாவிட்டால் "மற்றவை" என்று போட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவோம். பல மாதங்கள் கழித்து யாரோ ஒருவர் அறிக்கையை எடுத்துப் பார்த்து, "மற்றவை" ஏன் இவ்வளவு இருக்கிறது என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார். அதற்குள் பொருளின் அடுத்த மாடலே சந்தைக்கு வந்திருக்கும், அதே பழுதோடு.

வேலை கற்றவர்கள் நிலைக்காததும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கப் பகல் என்பது நமக்கு இரவு. கிழக்குக் கடற்கரையோடு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வித்தியாசம். இரவெல்லாம் விழித்து, விடியற்காலையில் கேப் பிடித்து வீடு வந்து, தெருவில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்கும் வாழ்க்கையை எவ்வளவு நாள் தாங்க முடியும்? கல்யாணம், வயிற்றுக்கோளாறு, எம்.பி.ஏ. இந்த மூன்றில் ஒன்று ஆளைக் கொண்டுபோய்விடும். பழுதுகளின் போக்கு பிடிபடத் தொடங்கும் நேரத்தில் ஆள் இருக்கமாட்டார். புதிதாக வந்தவருக்கு ஸ்கிரிப்ட் மட்டும்தான் துணை. அதனால் நிர்வாகம் ஸ்கிரிப்டை இன்னும் இறுக்குகிறது. அது பிடிக்காமல் இன்னும் நாலு பேர் போகிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அது உண்மையான சிரமம்தான், குறிப்பாக வயதானவர்களுக்கு. ஆனால் பழுதைத் தீர்த்துக் கொடுத்த குரலைப் பற்றி எந்த உச்சரிப்புப் புகாரும் வந்து நான் பார்த்ததில்லை. வெறுப்பை வளர்த்தது பொய்தான். பெயரை மாற்றிச் சொல்லச் சொன்னார்கள், ஊரைச் சொல்லாதே என்றார்கள், அழைப்பவரின் ஊர் வானிலையையும் விளையாட்டுச் செய்திகளையும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எதிர்முனையில் இருப்பவர் முட்டாள் இல்லை. பெயரிலேயே பொய் சொல்பவர் பழுதைப் பற்றி மட்டும் உண்மை சொல்வார் என்று அவர் ஏன் நம்ப வேண்டும்?

இதற்கெல்லாம் பொது வெளியில் பதிவாகியிருக்கும் மிகத் தெளிவான உதாரணம் டெல். 2001இல் பெங்களூரில் உதவி மையம் தொடங்கினார்கள். 2003 நவம்பரில், ஆப்டிபிளெக்ஸ், லாட்டிடியூட் என்ற அலுவலக வகைக் கணினிகளை வாங்கிய அமெரிக்கப் பெருநிறுவன வாடிக்கையாளர்களின் அழைப்புகளைப் பெங்களூருக்கு அனுப்புவதை நிறுத்தி, அமெரிக்காவிலேயே எடுக்க ஆரம்பித்தார்கள். செய்தித்தாள்கள் "இந்தியாவிலிருந்து பின்வாங்கும் டெல்" என்கிற தொனியில் எழுதின. நடந்தது அதுவல்ல. வீட்டு உபயோகத்துக்கு ஒரே ஒரு கணினி வாங்கியவரின் அழைப்பு தொடர்ந்து இந்தியாவுக்குத்தான் வந்தது. ஒரே முறையில் ஆயிரம் கணினி வாங்குபவர் கோபித்தால் உடனே வலிக்கும், ஒன்று வாங்குபவர் கோபித்தால் வலிக்காது என்ற கணக்கு அது.

ஒன்று வாங்கியவர்களின் கோபமும் பிறகு வலித்தது. 2005இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தன் டெல் மடிக்கணினிக்கு நேர்ந்த கதியை இணையத்தில் எழுதப்போக, அதே அனுபவம் உள்ளவர்கள் படைபோல் திரண்டார்கள். அதன் பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் பொறுப்பேற்றவர் டிக் ஹன்டர். அதற்கு முன் டெல்லின் உற்பத்திப் பிரிவைப் பார்த்தவர். என் பார்வையில் இந்தக் கதையின் சுவையான பகுதியே அதுதான். தொழிற்சாலையில் வளர்ந்தவர் என்பதால், பழுதான பொருள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தால் அது இழப்பு என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கணக்கெடுத்தபோது, வாரத்துக்கு வந்த சுமார் 4 லட்சம் அழைப்பாளர்களில் 7,000 பேர் ஏழு முறைக்கு மேல் கைமாற்றப்பட்டிருந்தார்கள். அழைப்புகளில் 45 சதவீதம் குறைந்தது ஒரு முறையாவது வேறொருவருக்கு மாற்றப்பட்டன. அவர் ஓர் அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்ற அளவையே தூக்கிவிட்டு, ஒரு பழுது தீர மொத்தம் எத்தனை நிமிடம் என்று அளக்கச் சொன்னார். 2007 வாக்கில் கைமாற்றம் 18 சதவீதமாக இறங்கியிருந்தது. வெளிநாட்டு மையங்களையெல்லாம் மூடிவிட்டு அவர் இதைச் சாதிக்கவில்லை. அளவுகோலை மாற்றினார்.

ஆனால் டெல்லையும் முழுதாகப் பாராட்டிவிட முடியாது. 2008 இறுதியில், வட அமெரிக்காவிலிருந்தே பேசும் ஊழியர்கள் வேண்டும் என்றால் மாதம் 12.95 டாலர் கொடுங்கள் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். முன்பு பொருளின் விலைக்குள் அடங்கியிருந்த ஒன்றைக் கழற்றி எடுத்துத் தனியாக விலைபோட்டு விற்பது! வியாபார சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை.

பிரிட்டனில் திரும்பிப் போனவர்கள் இன்னும் அதிகம். 2011இல் சான்டாண்டர் வங்கி பெங்களூரிலும் புனேயிலும் எடுத்துக்கொண்டிருந்த அழைப்புகளைக் கிளாஸ்கோ, லெஸ்டர், லிவர்பூல் மையங்களுக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு நியூ கால் டெலிகாம் என்ற சிறு நிறுவனம் மும்பையை விட்டு லங்காஷயரில் இருக்கும் பர்ன்லிக்குப் போனது. இந்தியாவில் சம்பளமும் வாடகையும் ஏறிவிட்டன, பர்ன்லியில் அதே செலவில் முடிகிறது என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். பிரிட்டனின் தொலைபேசி நிறுவனமான பி.டி. 2020 தொடக்கத்தில், தன் வாடிக்கையாளர் அழைப்புகள் அனைத்தும் இனி பிரிட்டனிலும் அயர்லாந்திலும்தான் எடுக்கப்படும் என்று விளம்பரமே செய்தது. நாட்டுப்பற்றால் யாரும் திரும்பவில்லை. 2008 நெருக்கடிக்குப் பிறகு வட இங்கிலாந்தின் சிறு நகரங்களில் வேலை தேடுபவர்கள் நிறைந்திருந்தார்கள், கூலி வித்தியாசம் சுருங்கியிருந்தது, "நம் ஊரிலிருந்தே பேசுகிறோம்" என்பது விளம்பரத்துக்கு உதவியது. இன்னொரு பக்கம், அமெரிக்காவுக்கான குரல்வழி வேலையில் 2010ஐ ஒட்டிப் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்திவிட்டது. 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சியில் இருந்த நாடு அது. அந்த ஆங்கிலம் அமெரிக்கக் காதுக்குப் பழக்கமானது.

அரசியல்வாதிகள் சும்மா இருக்கவில்லை. 2003இல் செனட்டர் ஜான் கெர்ரி, தொலைபேசியை எடுப்பவர் தான் எந்த நாட்டிலிருந்து பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும் என ஒரு மசோதா கொண்டுவந்தார். அதே ஆண்டு இந்தியானா மாநில ஆளுநர் ஜோ கெர்னன், டி.சி.எஸ். நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுக்குக் கொடுத்திருந்த 1.52 கோடி டாலர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அது எதற்கான ஒப்பந்தம் தெரியுமா? வேலையிழந்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் துறையின் கணினி அமைப்பைப் புதுப்பிக்க! 2025இலும் கட்சி வித்தியாசமின்றி இரண்டு செனட்டர்கள் சேர்ந்து இதே பொருளில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ஊரின் பெயரைச் சொல்ல வைப்பதால் பழுது தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் குறையும் என்ற அளவில் நல்லது.

வெளிநாட்டு உதவி நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. உங்கள் தங்கைக்கு அது கண்ணில் படாது. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வாங்கும் பெரிய நெட்வொர்க் கருவிகளுக்கான உதவியைப் பாருங்கள். சிஸ்கோவின் உதவி மையங்கள் நார்த் கரோலினா, பிரஸ்ஸல்ஸ், சிட்னி, பெங்களூரு என்று பரந்திருக்கின்றன. ஓரிடத்தில் பொழுது சாய்ந்தால் அடுத்த இடத்தில் விடியும், ஒரே பழுதைக் கைமாற்றிக் கைமாற்றி 24 மணி நேரமும் பார்ப்பார்கள். பெங்களூரில் எடுப்பவர் அந்தக் கருவியின் மென்பொருளை அறிந்த பொறியாளர், பக்கத்துக் கட்டடத்திலேயே அதை எழுதுபவர்களும் இருப்பார்கள். அங்கே யாரும் உச்சரிப்பைப் பற்றி முணுமுணுப்பதில்லை. அதே நாடு, அதே ஊர், சில சமயம் அதே கல்லூரியில் படித்தவர்கள்தான். வேறுபாடு, வாங்குகிறவர் பழுது தீர்வதற்கு விலை கொடுக்கிறார் என்பது.

இப்போது இந்த வேலை நாடு விட்டு நாடு போவதைத் தாண்டி மனிதரிடமிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கிளார்னா நிறுவனம் 2024 தொடக்கத்தில், தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களை நடத்தி 700 ஊழியர்களின் வேலையைச் செய்துவிட்டதாக அறிவித்தது. 2025இல் அதன் தலைமை நிர்வாகியே, செலவைக் குறைப்பதில் காட்டிய வேகம் தரத்தைப் பாதித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மறுபடி மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கினார். டெல்லின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. உரையாடல்களை எண்ணினார்கள், தீர்ந்த பழுதுகளை எண்ணவில்லை. இந்திய ஊழியரின் உச்சரிப்பை அந்தந்த நொடியே மென்மையாக்கித் தரும் மென்பொருளும் வந்துவிட்டது. முன்பு மூன்று வாரப் பயிற்சியில் செய்ததை இப்போது இயந்திரம் செய்கிறது. ஏ.எச்.டி. அப்படியேதான் இருக்கிறது.

இனி உங்கள் தங்கை செய்யக்கூடியது. முதல் அழைப்பிலேயே கேஸ் எண்ணை, அதாவது அந்தப் புகாருக்கான பதிவு எண்ணை, கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு அழைப்பையும் அந்த எண்ணைச் சொல்லித் தொடங்கினால் அது புது அழைப்பாகப் பதிவாவது கடினம். பேசுவதைவிட எழுத்து வழி அரட்டையில் கேட்பது நல்லது, ஏனென்றால் யார் எதை உறுதியளித்தார்கள் என்பதற்குப் பிரதி கையில் இருக்கும். ஏற்கெனவே செய்து பார்த்த சோதனைகளை வரிசையாகத் தட்டச்சு செய்து வைத்திருந்து முதலிலேயே அனுப்பிவிட்டு, "இவற்றையெல்லாம் குறிப்பில் பதிந்துவிட்டு இரண்டாம் நிலைக்கு அனுப்புங்கள்" என்று கேட்கட்டும். இரண்டாம் நிலை என்பது சிக்கலான பழுதுகளைப் பார்க்கும் மூத்த ஊழியர்கள். முதல் நிலை ஊழியருக்குப் படிகளைத் தாண்ட அனுமதி இல்லை என்று சொன்னேன் அல்லவா, செய்ததாகப் பதிவானால் தாண்டலாம். கோபத்தில் அவரைத் திட்டுவதால் பயனில்லை. மேலே அனுப்புவதற்கு மேற்பார்வையாளரிடம் வாதாட வேண்டியவர் அவர்தான். அமைதியாகப் பேசுகிற வாடிக்கையாளருக்காக நாங்கள் ஏ.எச்.டி.யையும் மறந்து வாதாடியது உண்டு.

உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடி முதலில் வருவதை அழைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களின் பெயரில் போலி உதவி மையம் நடத்திப் பணம் பறிக்கும் கும்பல்கள் விளம்பரம் கொடுத்து அங்கேதான் காத்திருக்கின்றன. அவற்றில் பல இந்தியாவிலிருந்தே நடப்பது எங்கள் தொழிலுக்கு வந்த அவப்பெயர். உத்தரவாத அட்டையில் இருக்கும் எண்ணை மட்டும் அழைத்து, தங்கை தானே எண்ணைப் போட்டு அழைத்த இடத்துக்கு மட்டும் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை கணினி வாங்கும்போது, வீட்டு உபயோக மாடலை விட்டு அதே நிறுவனத்தின் அலுவலக மாடலைப் பார்க்கச் சொல்லுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் உதவிக்கான வரிசை பெரும்பாலும் வேறாக இருக்கும். 2003இல் யாருடைய அழைப்பு அமெரிக்காவுக்குத் திரும்பியது, யாருடையது திரும்பவில்லை என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். இப்போதைய பழுதுக்கு, உத்தரவாதக் காலம் முடியும் முன்பே கேஸ் எண்களையும் தேதிகளையும் குறித்து நிறுவனத்தின் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். பதில் வராவிட்டால் அவர் வசிக்கும் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் நுகர்வோர் புகாரைப் பதியலாம். அதற்கு மேலும் போவதென்றால் சிறு தொகை வழக்குகளுக்கான சிறுகோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வக்கீல் வைக்க வேண்டிய அவசியம் இல்லை, கட்டணமும் பெரிதாக இருக்காது. பல சமயங்களில் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததுமே, எந்த உதவி எண்ணிலும் கிடைக்காத ஒருவர் அழைத்து மாற்றுக் கணினி அனுப்பட்டுமா என்று கேட்பார்.